விசுவாசம், சேவை, சந்தோஷம்: நம்ம பக்கம் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சேகரத்தில், அதாவது பக்கத்துப் பக்கத்துச் சபைகள் சேர்ந்த ஒரு வட்டாரத்தில், வாலிபர் கூட்டம், ஆஸ்பத்திரி சந்திப்பு, துக்க வீடு என்று அலைகிற ஆள் நான். ஐயர், அதாவது சபைக் குருவானவர் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. ஆனாலும் கேள்வி எல்லாம் என்னிடம்தான் வருகிறது, அதுவும் கூட்டம் நடக்கும்போது வராது, முடிந்து பைக்கை எடுக்கும்போதுதான் யாராவது பக்கத்தில் வந்து நிற்பார்கள். திரும்பத் திரும்பக் கேட்டதை எல்லாம் அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன்.

விசுவாசின்னா எப்பவும் சந்தோஷமா இருக்கணும்னு சொல்லுதாங்களே, அது நடக்கிற காரியமா அண்ணாச்சி?

எப்பவும் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று வேதத்தில் எங்கேயும் இல்லை. லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில் இயேசுவே அழுதிருக்கிறார். சங்கீதங்களில் நிறையப் புலம்பல்தான், 88ஆம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் இருட்டிலேயே முடிகிறது, அதையும் எடுத்துவிடாமல் ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள்.

அப்போ என்ன சந்தோஷம் என்றால், நான் வேண்டாதவன் இல்லை, என்னைப் படைத்தவர் என்னைக் கைவிடமாட்டார் என்கிற நிச்சயம். அது உள்ளே இருக்கும்போதே மேலே கடன், நோய், பிள்ளைகள் கவலை எல்லாம் இருக்கும். பிலிப்பியருக்கு எழுதின நிருபம் முழுக்கச் சந்தோஷம் சந்தோஷம் என்றே வருகிறது, பவுல் அதை எழுதினது விலங்கு மாட்டிய நிலையில். நாளைக்கு விடுதலையா தலை போகுமா என்று தெரியாத ஆள் எழுதினது அது.

நான் ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறேன், காணிக்கை போடுதேன், உபவாசமும் இருக்கேன். பிறகும் மனசுல ஒண்ணுமே இல்லையே, ஏன்?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும்விட அதிகம் வருகிறது. கேட்கிறவர்கள் பெரும்பாலும் நல்ல ஆட்கள், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்களில் வெள்ளிக்கிழமை தவறாதவர்கள். அவர்களிடம் நான் யோவான் 13ஐத்தான் வாசிக்கச் சொல்வேன். கடைசி இராப்போஜனத்தில் இயேசு துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவ வருகிறார், பேதுரு காலை இழுத்துக்கொள்கிறார். "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்கிறார். கேட்கப் பணிவு மாதிரிதான் இருக்கும். ஆனால் உன்னைக் கழுவ நீ விடவில்லை என்றால் உனக்கு என்னோடு பங்கில்லை என்று பதில் வருகிறது.

நம்மில் பல பேர் பேதுரு கேஸ். கடவுளுக்குக் கொடுப்போம், சபைக்குக் கொடுப்போம், வாங்க மட்டும் கூச்சம். உபவாசம், காணிக்கை, வருகைப் பதிவு எல்லாம் சேர்த்து ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, இவ்வளவு போட்டாச்சு, சந்தோஷம் எப்போ வரும் என்று காத்திருக்கிறோம். ரேஷன் கடையில் கார்டைக் கொடுத்துவிட்டு நிற்கிற மாதிரி. அது அப்படி வராது. முதலில் சும்மா கிடைத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும், கிருபை என்று சொல்வது அதைத்தான். அதே அதிகாரத்தில் 17ஆம் வசனத்தைப் பாருங்கள், "நீங்கள் இவைகளை அறிந்திருக்கிறபடியினால், இவைகளைச் செய்வீர்களானால், பாக்கியவான்களாயிருப்பீர்கள்" என்று இருக்கிறது. முதலில் காலைக் காட்ட வேண்டும், அப்புறம் அடுத்தவன் காலைக் கழுவ வேண்டும், பாக்கியம் அதற்குப் பிறகு. நாம் முதல் படியை விட்டுவிட்டு மூன்றாவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அப்போ சேவை செஞ்சா சந்தோஷம் கிடைக்குமா? அதுக்காகவே செய்யலாமா?

கிடைக்கும், அதுவே குறியாக இருந்தால் கிடைக்காது. கோயிலில் எல்லாருக்கும் சாப்பாடு போடுகிற அசனத்தன்று பந்தி விளம்புகிற பையன்களைக் கவனித்திருப்பீர்கள், காலையிலிருந்து அடுப்படிப் புகையிலும் வேர்வையிலும் கிடந்து, சோற்று வாளியோடு ஓடி, கடைசிப் பந்தியில் கறி தீர்ந்து வெறும் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவார்கள். அன்றைக்கு அந்தத் தெருவிலேயே அதிகச் சந்தோஷமாக இருப்பதும் அவர்கள்தான். ஆனால் ஒருத்தன் கையில் வாளியோடு நின்று, எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் பந்தியில் உட்கார்ந்தவனுக்குச் சோறும் வராது, இவனுக்கு அதுவும் வராது.

சேவைன்னா எங்க ஆரம்பிக்க? எனக்கு மேடையில பேசத் தெரியாது, காசும் இல்ல.

மேடை வேண்டாம். முதலில் உங்கள் தெருவைப் பாருங்கள். நம்ம ஊர்களில் பிள்ளைகள் எல்லாம் சென்னை, பெங்களூரு, வளைகுடா என்று போய்விட்டார்கள், பெரிய பெரிய வீடுகளில் ஒரு தாத்தாவோ ஆச்சியோ தனியாக இருக்கிறார்கள். அவர்களுக்கு ஜெபக்குழு வந்து பாட்டுப் பாடுவதைவிட, போனில் கேஸ் புக் பண்ணிக் கொடுக்க, பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று போடக் கூட வர, மாத்திரைப் பெட்டியில் காலை எது ராத்திரி எது என்று பிரித்து வைக்க ஒரு ஆள் வேண்டும். இதற்கு வேதாகமக் கல்லூரி போக வேண்டாம்.

அடுத்தது பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் இருக்கிற அரசு ஆஸ்பத்திரி. தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி என்று எங்கேயிருந்தெல்லாமோ வருகிறார்கள், கூட இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு ஆள், அவருக்குக் குளிக்கப் போகவும் வழியில்லை. "ஒரு மணி நேரம் நான் பாத்துக்கிடுதேன், நீங்க குளிச்சிட்டு ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். வார்டு நர்ஸிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். பிரெட்டும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போய்க் கட்டில் கட்டிலாகக் கொடுக்கிற பழக்கத்தைக் கொஞ்சம் விடலாம், அங்கே நிறையப் பேருக்குச் சர்க்கரை.

ரத்தம் கொடுக்கலாம். 18 வயதிலிருந்து 65 வரை, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், உடம்பில் வேறு கோளாறு இல்லாமல் இருந்தால் ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையும் பெண்கள் நாலு மாதத்துக்கு ஒரு தடவையும் கொடுக்கலாம். காசே இல்லை என்கிறவர்களுக்கு நம்ம பாட்டிமார் வழி ஒன்று உண்டு, பிடியரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள், அது சேர்ந்து கோயிலுக்கு வரும். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கினபோது வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் நம்ம ஆள், நம்ம பணம் என்றுதான் தொடங்கினார்கள், தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் வரைக்கும் ஊழியர்களை அனுப்பினார்கள். முன்னின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா வெள்ளாளன்விளைக்காரர், 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அந்தக் காலத்தில் நம்ம பக்கத்து வீடுகளில் பணம் கொழித்துக் கிடக்கவில்லை.

நான் துபாய்ல இருக்கேன். மாசாமாசம் பணம் அனுப்புதேன், அது போதாதா?

பணம் பெரிய உதவி, குறைத்துச் சொல்ல மாட்டேன். வெயிலில் நின்று சம்பாதித்த காசு. ஆனால் கேட்ட கேள்வி சந்தோஷத்தைப் பற்றி என்றால், ஆளைப் பார்க்காமல் அனுப்புகிற பணத்தில் அது குறைவாகத்தான் வரும். அனுப்புகிற இடத்தில் ஒரே ஒரு பிள்ளையின் பெயரையாவது தெரிந்துகொண்டு, அது என்ன படிக்கிறது என்று மாதம் ஒரு தடவை போனில் கேளுங்கள். அங்கேயே உங்கள் கேம்ப்பில் பாஸ்போர்ட் சிக்கலிலும் சம்பளம் வராமலும் தவிக்கிற ஒருத்தன் இருப்பான். அவன் எந்த ஊர், எந்த மதம் என்று பார்க்க வேண்டாம்.

உதவி செய்யதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாமா? நாலு பேருக்குத் தூண்டுதலா இருக்கும்லா?

வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று மத்தேயு 6இல் இருக்கிறது. கணக்குக் காட்ட வேண்டிய சங்கம் என்றால் ரசீதும் பொருட்களின் படமும் போதும். அரிசிப் பை வாங்குகிற அம்மாவின் முகம் எதற்கு? அவர் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அந்த ஸ்டேட்டஸைப் பார்க்கும்.

உதவி வாங்கினவனே ஏமாத்திட்டுப் போயிட்டான் அண்ணே. இனிமே எவனுக்கும் செய்ய மாட்டேன்னு இருக்கு.

லூக்கா 17இல் பத்துக் குஷ்டரோகிகள் சுகமாகிறார்கள், திரும்பி வந்து நன்றி சொன்னது ஒருத்தன், அவனும் யூதர்கள் ஒதுக்கி வைத்திருந்த சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்கத்தான் செய்தார், ஆக வருத்தம் வருவது தப்பில்லை. ஆனால் அந்த ஒன்பது பேருக்கும் கொடுத்த சுகத்தைத் திரும்பப் பிடுங்கினதாக எழுதவில்லை.

அதே நேரம், ஏமாறுவதே பக்தி என்று நினைக்க வேண்டாம். ஃபீஸ் என்று கேட்டால் பள்ளிக்கூடத்தில் நேராகக் கட்டுங்கள், மருந்து என்று கேட்டால் சீட்டை வாங்கிக்கொண்டு கடைக்குக் கூடப் போங்கள். குடிக்கிறவன் கையில் ரொக்கம் கொடுத்தால் அவன் வீட்டுக்கு நீங்கள் கெடுதல் செய்கிறீர்கள்.

எங்க வீட்டுக்காரங்க எப்பப் பாரு ஊழியம் ஊழியம்னு போயிருதாங்க. பிள்ளைக்குக் காய்ச்சல்னாலும் கன்வென்ஷன்தான். கேட்டா எனக்கு விசுவாசம் இல்லங்காங்க. நான் என்ன செய்ய?

அக்கா, உங்களுக்கு விசுவாசம் இருக்கிறது. மாற்கு 7ஆம் அதிகாரத்தை எடுத்து அவரிடம் வாசிக்கக் கொடுங்கள். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை, இது தேவனுக்கு நேர்ந்தது, கொர்பான் என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு அங்கே வெளுத்து வாங்குகிறார். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறது. இதைவிடக் கடுமையாக என்னால் சொல்ல முடியாது.

வெளியே செய்கிற சேவைக்குக் கைதட்டல் உண்டு, ராத்திரி பிள்ளைக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவதற்கு இல்லை. சில ஆண்களுக்கு ஊழியம் இனிக்கிற காரணம் அதுவாகக்கூட இருக்கலாம். பேசிப் பாருங்கள், கேட்கவில்லை என்றால் அவர் மதிக்கிற மூத்தவர் ஒருவரை வைத்துப் பேசுங்கள், ஐயரின் மனைவி ஐயரம்மாவிடம் சொல்லுங்கள். பொறுத்துக்கொண்டு ஜெபம் மட்டும் செய் என்று நான் சொல்ல மாட்டேன்.

நல்லாத்தான் செஞ்சிட்டு இருந்தேன். இப்போ எதுலயும் பிடிப்பில்ல, ஜெபிக்கவும் முடியல, ஏன் உயிரோட இருக்கணும்னு தோணுது. பிசாசோட வேலையா?

எலியா தீர்க்கதரிசிக்கும் இதே நிலைமை வந்தது. கர்மேல் மலையில் அவர் ஜெபத்துக்கு வானத்திலிருந்து அக்கினி இறங்கின அவ்வளவு பெரிய காரியம் நடந்த பிறகு, 1 இராஜாக்கள் 19இல், ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து சாக வேண்டும் என்று கேட்கிறார். தேவதூதன் வந்து திட்டவில்லை, பிரசங்கமும் வைக்கவில்லை. எழுந்து சாப்பிடு என்று அடையும் தண்ணீரும் கொடுக்கிறான், மறுபடி தூங்க விடுகிறான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். வெறும் அசதி என்றால் பொறுப்புகளைக் கொஞ்ச நாள் இறக்கி வையுங்கள், சபை இடிந்துவிடாது.

ஆனால் வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாவு எண்ணம் வருகிறது என்றால் அது வியாதி, டாக்டரிடம் போங்கள். அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இருபத்துநாலு மணி நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவனை விசுவாசம் இல்லாதவன் என்று சொல்கிறோமா? கிணற்றடியில் தனியாக இருக்காதீர்கள், வீட்டில் ஒருத்தரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

என் பழைய வாழ்க்கை சரியில்ல. ஊருக்கே தெரியும். நான் போய்ச் சேவை செஞ்சா சிரிக்க மாட்டாங்களா?

சிரிப்பார்கள், கொஞ்ச நாள். பாளையங்கோட்டையில் திருச்சபை யாரால் தொடங்கியது என்று பாருங்கள். கிளாரிந்தா, மராத்தி பிராமண விதவை. உடன்கட்டையிலிருந்து தன்னைக் காப்பாற்றின லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு கல்யாணம் இல்லாமல் வாழ்ந்தார் என்பதற்காக ஞானஸ்நானம் கேட்டபோது முதலில் கிடைக்கவில்லை. லிட்டில்டன் இறந்த பிறகு 1778இல் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் கொடுத்தார். 1780இல் எழுதின முதல் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர், முதல் பெயர் கிளாரிந்தா. 1785இல் அவர் கட்டின சிறிய கோயிலைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று சொன்னார்கள், ஊர் தண்ணீர் குடிக்க ஒரு கிணறும் வெட்டினார். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் அவருடைய பழைய கதையும் தெரிந்தவர்கள்தான்.

சேவைங்கிறதே மதம் மாத்துறதுக்குத் தூண்டில்னு எங்க ஆபீஸ்ல சொல்லுதாங்க. என்ன பதில் சொல்ல?

முதலில் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். இவன் கோயிலுக்கு வர மாட்டான் என்று தெரிந்த அன்றைக்கு உங்கள் உதவி நின்றுபோகுமா? நின்றுபோகும் என்றால் ஆபீஸில் சொல்வது சரி. இயேசு சொன்ன கதையில் வருகிற நல்ல சமாரியன், வழியில் அடிபட்டுக் கிடந்த காயக்காரனை எந்த ஜாதி, எந்த மலையில் தொழுகிறாய் என்று கேட்கவில்லை, சத்திரக்காரனுக்கு இரண்டு பணம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்கும் ஸ்வெய்ன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினார்கள். விசுவாசத்தால்தான் தொடங்கினார்கள், அதை மறைக்கவும் இல்லை. கேட்டால் சொல்லுங்கள், கேட்காத இடத்தில், அதுவும் கட்டிலில் படுத்திருக்கிறவனிடம், எழுந்து போகக்கூட முடியாதவனிடம் பிரசங்கம் பண்ணாதீர்கள்.

கோயிலுக்கே வராதவங்க, வேற சாமி கும்பிடுதவங்க நம்மளவிட நல்லாச் செய்யுதாங்களே. பிறகு விசுவாசம் எதுக்கு?

செய்கிறார்கள், ஒத்துக்கொள்வோம். 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டினது, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய் எண்ணூறு பேர் போலச் சிக்கிக்கொண்டார்கள். பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள், அவர்கள் வீட்டைச் சுற்றியும் வெள்ளம்தான், அம்மன் கோயிலில் வைத்துச் சமைத்துப் போட்டார்கள். அதைக் கேட்டு ஒரு கிறிஸ்தவன் செய்ய வேண்டியது நன்றி சொல்வது, போட்டிக்கு நிற்பது இல்லை.

விசுவாசம் எதுக்கு என்றால், நல்லவன் என்ற பட்டத்துக்கு இல்லை. இரண்டாவது கேள்விக்குச் சொன்னதுதான், காலைக் கழுவ விடுவது. எனக்கு அது இல்லாமல் முடியாது. அடுத்தவருக்கு எப்படி என்று நான் அளந்து சொல்ல முடியாது.

தம்பி, எனக்கு வயசாயிட்டு, மூட்டுவலி, வாசல்படி இறங்க முடியல. நான் யாருக்கு என்ன செய்ய?

ஆச்சி, டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1901இலிருந்து அங்கே பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்தவர், 1931இல் விழுந்து அடிபட்டு, 1951இல் இறக்கிற வரைக்கும் பெரும்பாலும் படுக்கைதான். அந்த அறையிலிருந்தே கடிதம் எழுதினார், பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். உங்களிடமும் போன் இருக்கிறது. தெருவில் எந்த வீட்டில் யாருக்குச் சுகமில்லை என்று எங்களைவிட உங்களுக்குத்தான் முதலில் தெரியும், அதைச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று, மருமகள் காலில் தைலம் தேய்க்க வந்தால் வேண்டாம் வேண்டாம் என்று இழுத்துக்கொள்ளாதீர்கள். பேதுரு கதையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சபையில எலெக்‌ஷன் சண்டை, ஜாதி பார்த்துப் பதவி. இதுக்குள்ள இருந்துட்டு என்னத்த சந்தோஷம்?

இது புதுசு இல்லை. வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோயிலையே ஜாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்துக் கட்டியிருந்தார்கள், நடுவில் இருந்த தடுப்பை 1910இல் இடித்தபோது பெரிய கலாட்டா. நம்ம சபைகளில் சுவர் இல்லை, வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. மூடி மறைத்து, எல்லாம் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று நான் சொல்லப் போவதில்லை. ஓட்டுப் போடுங்கள், ஜாதி பார்த்துப் போடாதீர்கள், கமிட்டியில் கணக்குக் கேளுங்கள்.

சண்டை முடிந்தபிறகு சேவை செய்யலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள், முடியாது. எதிர்க்கோஷ்டிக்காரர் வீட்டில் ஆள் படுத்துவிட்டால் நீங்கள் போய் ராத்திரி கூட இருங்கள். அவர் ஓட்டு மாறாது, மாற வேண்டும் என்றும் போகாதீர்கள். ஐகிரவுண்டில் ராத்திரி ரெண்டு மணிக்கு ட்ரிப்ஸ் முடிந்ததும் நர்ஸைக் கூப்பிட ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.